விவாகரத்துக்குப் பின்னும் வதிவிட உரிமை: உள்துறை அமைச்சுக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
சங்கத் தலைவி, செயலாளர், நிர்வாகக் குழுவினர்,
ஹரோ, லண்டன்.

பெறுநர்:
மாண்புமிகு உள்துறை அமைச்சர் அவர்களும்
குடிவரவு விதிகளுக்குப் பொறுப்பான அதிகாரிகளும்,
உள்துறை அமைச்சு, லண்டன்.

பொருள்: வதிவிட உரிமை உள்ள கணவரிடமிருந்து விவாகரத்துப் பெற்ற பெண்களின் நிரந்தர வதிவிட விண்ணப்பங்கள் தொடர்பாக.

மதிப்புக்குரிய அமைச்சர் அவர்களுக்கும் அதிகாரிகளுக்கும்,

ஹரோவில் ஒரே தெருவில் நாலு வீடு தள்ளி வாழும் இரண்டு பெண்களைப் பற்றிச் சொல்லி இந்த மனுவைத் தொடங்குகிறோம். இருவரும் யாழ்ப்பாணத்திலிருந்து மணமாகி வந்தவர்கள். ஒரே முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்து, விடிகாலையில் ஒரே பஸ்ஸில் வீடு திரும்புகிறவர்கள். இருவருக்கும் பிள்ளைகள் இல்லை. இருவரது மணவாழ்வும் இங்கு வந்த நான்காம் ஆண்டில் முறிந்தது.

முதலாமவரின் கணவர் டென்மார்க் குடிமகன். பிரெக்ஸிட் இடைமாறு காலம் முடிந்த 2020 இறுதிக்கு முன்பே இங்கு குடியேறியவர். திருமணமும் அதற்கு முன்பே நடந்தது. ஆகவே அந்தப் பெண் விவாகரத்தின் பின்னும் இங்கு தங்கலாம். ஐந்து ஆண்டு நிறைந்ததும் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். இரண்டாமவரின் கணவர் பிரித்தானியக் குடிமகன். அவர் பிரிந்துவிட்டதாக உங்களுக்கு அறிவித்தால், மனைவியின் விசா பொதுவாக 60 நாளாகக் குறுக்கப்படும். அதற்குள் வேறொரு விசாவுக்குத் தகுதி தேட வேண்டும், இல்லையேல் பெட்டி கட்ட வேண்டும்.

டென்மார்க் கடவுச்சீட்டு ஹரோவுக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறோம், ஏனெனில் எமது சங்கத்திடம் ஆலோசனைக்கு வரும் பலரின் கதை அதில்தான் இருக்கிறது. 1983க்குப் பின் இலங்கைப் போரிலிருந்து தப்பிய எம்மவர்கள் டென்மார்க், ஜேர்மனி, நெதர்லாந்து, பிரான்ஸ் எனச் சிதறித் தஞ்சம் பெற்றார்கள். அங்கே குடியுரிமை கிடைத்த பிறகு, ஐரோப்பிய ஒன்றியத்தின் நடமாட்டச் சுதந்திரத்தைப் பயன்படுத்தி உறவினர்களும் கோயிலும் தமிழ்க் கடைகளும் உள்ள லண்டனுக்குக் குடிபெயர்ந்தார்கள். ஊரில் பெண் பார்த்து மணம் முடித்தார்கள். அந்த மனைவியர் இந்நாட்டுக் குடிவரவு விதிகளின் கீழ் வரவில்லை. ஐரோப்பியச் சட்டத்தின் கீழ் வந்தார்கள்.

அந்தச் சட்டம் 2004/38 இலக்கப் பணிப்பாணை. அதன் 13ஆம் பிரிவு, விவாகரத்து நடவடிக்கை தொடங்குவதற்கு முன் திருமணம் மூன்று ஆண்டு நீடித்து, அதில் ஓராண்டாவது இந்நாட்டில் கழிந்திருந்தால், மனைவியின் வதிவிட உரிமை தொடரும் என்கிறது. பிள்ளையின் பராமரிப்புப் பொறுப்பு அவரிடம் இருந்தாலோ, வீட்டு வன்முறைக்கு ஆளாகியிருந்தாலோ மூன்று ஆண்டு வேண்டியதில்லை. பிரிந்து வாழ்வது வேறு, திருமணம் சட்டப்படி முடிவது வேறு என்று ஐரோப்பிய நீதிமன்றம் 1985லேயே டியாட்டா வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்துடனான விலகல் ஒப்பந்தத்தின் மூலம் இந்தப் பாதுகாப்பு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. இது நல்ல சட்டம். அதைக் காப்பாற்றியதற்கு நன்றி கூறுகிறோம். ஆனால் அதிலுள்ள மூன்று பொத்தல்கள் வழியே எமது பெண்கள் விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

முதலாவது, திகதி. மூன்று ஆண்டு எண்ணப்படுவது விவாகரத்து முடியும் நாள் வரைக்கும் அல்ல, அது தொடங்கும் நாள் வரைக்கும். தொடங்கும் நாளைத் தீர்மானிப்பவர் விவாகரத்துக்கு விண்ணப்பிப்பவர். 2022 ஏப்ரல் 6 முதல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குற்றம் காட்டாமலே, ஒருவர் தனித்தே விவாகரத்துக்கு விண்ணப்பிக்கலாம். திருமணம் முறிந்துவிட்டது என்ற அவரது கூற்றை மற்றவர் மறுக்கவும் முடியாது. அந்தச் சட்ட மாற்றத்தை நாங்கள் வரவேற்றவர்கள். கசந்துபோன மணவாழ்வில் ஒரு பெண்ணைக் கட்டிப்போடக் கூடாது என்பதில் எமக்கு ஐயமே இல்லை. ஆனால் அதே சட்டம், இரண்டு வருடம் பதினொரு மாதத்தில் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தி மனைவியின் எதிர்காலத்தை அழிக்கும் வசதியையும் கணவருக்குத் தந்திருக்கிறது.

எம்மிடம் வந்த ஒரு பெண்ணின் கணவர் டென்மார்க்குக்குத் திரும்பிப் போய் அங்கேயே விவாகரத்துக்கு விண்ணப்பித்தார். டேனிஷ் மொழியில் ஒரு கடிதம் லண்டன் வீட்டுக்கு வந்தது. கணவரின் ஓய்வூதியக் கடிதமாக இருக்கும் என்று நினைத்து, அவர் வந்தால் கொடுக்கலாமென அந்தப் பெண் அதைக் குசினி லாச்சியில், எரிவாயு பில்களோடு வைத்திருந்தார். நாலு மாதம் கழித்து எமது உறுப்பினர் ஒருவர் அதை வாசித்துச் சொன்னபோதுதான் அது என்னவென்று தெரிந்தது. கடிதத்தின் திகதியையும் திருமணத் திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கணக்குப் பார்த்தோம். மூன்று வருடத்துக்கு எட்டுக் கிழமை குறைவு. அந்தப் பெண் அந்தத் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "அப்ப நான் என்ன பிழை விட்டனான், அக்கா?" என்று கேட்டார். எம்மிடம் பதில் இருக்கவில்லை. மூன்று ஆண்டு என்ற கணக்கு, விவாகரத்து இறுதியாகும் நாள் வரை எண்ணப்பட வேண்டும் என்பது எமது முதற் கோரிக்கை. அது உடனே இயலாதெனில், மனைவி நடவடிக்கையை உண்மையாக அறிந்த நாளையாவது தொடக்கமாகக் கொள்ளுங்கள்.

இரண்டாவது, கணவர் நாட்டை விட்டுப் போய்விடுவது. 2015இல் சிங் வழக்கிலும் 2016இல் என்.ஏ. வழக்கிலும், விவாகரத்து நடவடிக்கை தொடங்குமுன் ஐரோப்பியக் குடிமகனான துணை நாட்டை விட்டுச் சென்றிருந்தால் மற்றவரின் உரிமை தொடராது என்று ஐரோப்பிய நீதிமன்றம் கூறியது. என்.ஏ. வழக்கின் பெண் வீட்டு வன்முறைக்கு ஆளானவர். அடித்தவர் விமானம் ஏறிப் போனதால் அடிபட்டவர் 13ஆம் பிரிவின் கீழான உரிமையை இழந்தார். அந்த நிலைப்பாட்டை அதே நீதிமன்றம் 2021 செப்டெம்பரில் பெல்ஜியம் தொடர்பான எக்ஸ் வழக்கில் மாற்றிக்கொண்டது. வன்முறை நடந்திருந்தால், கணவர் போன பிறகு நியாயமான காலத்துக்குள் விவாகரத்து நடவடிக்கை தொடங்கப்பட்டாலே போதும் என்பது புதிய தீர்ப்பு. இடைமாறு காலம் முடிந்த பின் வந்தது என்பதால் இத்தீர்ப்பு பிரித்தானியாவைக் கட்டுப்படுத்தாது என்ற வாதத்தை நாமறிவோம். ஆனால் விலகல் ஒப்பந்தத்தின் 4ஆம் பிரிவு, இப்படிப் பின்னர் வரும் தீர்ப்புகளை நீதிமன்றங்களும் நிர்வாக அதிகாரிகளும் உரிய முறையில் கருத்தில் கொள்ள வேண்டும் என்று பணிக்கிறது. உங்கள் அதிகாரிகளுக்கான வழிகாட்டியில் இத்தீர்ப்பை ஏற்று எழுதுங்கள். வன்முறை இல்லாத இடத்திலும், கணவரின் பயணச்சீட்டைக் கொண்டு மனைவியின் உரிமையை அளக்க வேண்டாம்.

மூன்றாவது, கடதாசிகள். எம்மிடம் வருகிறவர்கள் சப்பாத்துப் பெட்டியில் எல்லாவற்றையும் கொண்டுவருவார்கள்: தங்கள் சம்பளச் சீட்டுகள், பி60 வரிச் சான்று, கவுன்சில் வரிக் கடிதங்கள், வைத்தியரிடம் பதிவு செய்த தாள். இல்லாதது ஒன்றுதான், முன்னாள் கணவரின் கடவுச்சீட்டு நகல். அதைக் கேட்டு அவருக்கே குறுஞ்செய்தி அனுப்ப வேண்டிய நிலை. "வழக்கை வாபஸ் வாங்கு, தாறன்" என்று பதில் வந்த செய்திகளை எமக்குக் காட்டியிருக்கிறார்கள். அடிக்குப் பயந்து ஓடிவந்த பெண் தன் புதிய தொலைபேசி எண்ணை அந்த மனிதனுக்கே கொடுக்க நேர்வது எத்தனை ஆபத்து என்பதை விளக்கத் தேவையில்லை என நம்புகிறோம். அந்தக் கணவர் யார், எந்நாட்டவர், எப்போது வந்தார் என்பதெல்லாம் அவர் ஐரோப்பியருக்கான குடியேற்றத் திட்டத்தில் விண்ணப்பித்த நாளிலிருந்து உங்களிடமே இருக்கின்றன. அவரது வரிப் பதிவுகள் வரித் திணைக்களத்திடம் இருக்கின்றன. 2011ஆம் ஆண்டின் ஆமோஸ் வழக்குக்குப் பின், இத்தகைய மேன்முறையீடுகளில் அப்பதிவுகளைத் தேடிப்பார்க்குமாறு உள்துறை அமைச்சுக்கு நீதிமன்றம் பணிப்பது ஒரு வழக்கமாகவே ஆனது. நீதிமன்றம் சொன்னால் செய்ய முடிகிறதென்றால், பெண் கேட்கும்போதே செய்ய முடியும். விண்ணப்பப் படிவத்தில் ஒரு பெட்டி சேர்த்தால் போதும்: "முன்னாள் துணையின் விவரங்களை அமைச்சே தன் பதிவேடுகளில் சரிபார்க்கச் சம்மதிக்கிறேன்" என்று.

இனி நாலு வீடு தள்ளி வாழும் அந்த இரண்டாவது பெண்ணுக்கு வருகிறோம். இந்த மனுவில் நாங்கள் மிகவும் வலியுறுத்துவது இவருக்காகத்தான்.

பிரித்தானியக் குடிமகனை, அல்லது இங்கு நிரந்தர வதிவிடம் பெற்றவரை மணந்து வருபவர் 2012 ஜூலை முதல் ஐந்து ஆண்டு காத்திருக்க வேண்டும். அதற்கு முன் அது இரண்டு ஆண்டாக இருந்தது. இப்போது புதிதாக மனைவியை அழைக்கும் குடும்பம் ஆண்டுக்கு 29,000 பவுண் வருமானம் காட்ட வேண்டும். விசாக் கட்டணம் தனி. ஆண்டுக்கு 1,035 பவுண் சுகாதார மேலதிகக் கட்டணமும் தனி. அரச உதவிப் பணம் எதையும் தொடக் கூடாது. இவ்வளவையும் நிறைவேற்றி, வேலை செய்து வரியும் கட்டி, நாலு வருடம் பத்து மாதம் வாழ்ந்த பெண்ணுக்கு, கணவர் மனம் மாறிய அன்றே கணக்கு பூச்சியமாகிறது. இவ்விதிகளில் ஒன்றை நாங்கள் ஒவ்வொரு முறையும் பெண்களுக்கு விளக்கும்போது குரல் தடுமாறும்: கணவர் இறந்துபோனால் மனைவிக்கு நிரந்தர வதிவிடம் உண்டு, கணவர் விட்டுப்போனால் இல்லை.

டென்மார்க் குடிமகனின் மனைவிக்கு மூன்று ஆண்டில் நீங்கள் ஏற்றுக்கொள்ளும் உரிமையை, சொந்த நாட்டுக் குடிமகனின் மனைவிக்கும் வழங்குங்கள். திருமணம் மூன்று ஆண்டு நீடித்து, ஓராண்டு இங்கு கழிந்திருந்தால், விவாகரத்தின் பின்னும் அவர் தங்கியிருந்து ஐந்தாண்டை நிறைவு செய்து நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க விதி வேண்டும். போலித் திருமணங்கள் பெருகும் என்ற அச்சம் எழலாம். மூன்று ஆண்டுத் திருமணத்துக்கும் அதில் ஓராண்டு இங்கு கழிந்ததற்கும் சான்று கேட்கும் ஐரோப்பிய விதியை இத்தனை காலம் இதே அமைச்சுதான் நடத்திவருகிறது. அதே சோதனையை இங்கும் வையுங்கள். ஜேர்மனியின் வதிவிடச் சட்டத்திலும் 31ஆம் பிரிவு, மூன்று ஆண்டு சேர்ந்து வாழ்ந்த துணைக்குச் சுயமான வதிவிட அனுமதி தருகிறது.

விதி மாறும்வரை, அந்த 60 நாளையாவது மாற்றுங்கள். இங்கிலாந்து, வேல்ஸ் சட்டப்படி ஒரு விவாகரத்துக்குக் குறைந்தது 26 கிழமை ஆகும். தன் சொந்த விவாகரத்து முடியுமுன்னே ஒரு பெண்ணை நாட்டை விட்டு அனுப்பினால், சீதனமாகக் கொண்டுவந்த நகைக்கும் வீட்டுப் பங்குக்கும் அவர் எங்கிருந்து வழக்காடுவார்? நடவடிக்கை முடிந்து மூன்று மாதம் வரை விசா நீடிக்க வேண்டும்.

வன்முறைக்கு ஆளான மனைவியருக்கு நிரந்தர வதிவிட வழி ஏற்கெனவே உண்டு. அதுவரை தாக்குப்பிடிக்க மூன்று மாதச் சலுகை விசாவும் உண்டு. அவை பலரைக் காப்பாற்றியுள்ளன. ஆனால் எமது பெண்கள் பலருக்குக் காயத்தின் படம் இருக்காது, பொலிஸ் அறிக்கையும் இருக்காது. கடவுச்சீட்டை மாமியார் அலுமாரியில் பூட்டி வைப்பதும், சம்பளம் கணவரின் கணக்குக்குப் போவதும், "விசாவை வெட்டிவிடுவன்" என்ற மிரட்டலும்தான் இருக்கும். 2021ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைச் சட்டம் கட்டுப்படுத்தும் நடத்தையையும் பொருளாதாரக் கொடுமையையும் வன்முறை என்றே வரையறுக்கிறது. முடிவெடுக்கும் அதிகாரிகளும் அந்த வரையறையில் நின்றே சான்றுகளைப் பார்க்க வேண்டும். சங்கங்களும் வைத்தியர்களும் எழுதும் கடிதங்களுக்கு உரிய மதிப்புத் தர வேண்டும். இஸ்தான்புல் உடன்படிக்கையை 2022இல் ஏற்றபோது, புலம்பெயர்ந்த பெண்களின் வதிவிடம் பற்றிய 59ஆம் பிரிவுக்குப் பிரித்தானியா விலக்கு வைத்துக்கொண்டது. அதே பிரிவில் விலக்கு வைத்திருந்த ஜேர்மனி 2023இல் அதைக் கைவிட்டது. பிரித்தானியாவும் கைவிடுமாறு வேண்டுகிறோம்.

கணவர் உங்களுக்கு அனுப்பும் அறிவித்தலின் மேல் நடவடிக்கை எடுக்குமுன், மனைவிக்கு அவர் விளங்கும் மொழியில் கடிதம் அனுப்பி அவர் தரப்பைக் கேட்பதும் அவசியம்.

மேலே கூறிய பெண்களில் விரும்பியவர்களின் ஆவணங்களை, அவர்களது எழுத்துமூலச் சம்மதத்துடன், நேரில் கொண்டுவந்து காட்ட ஆயத்தமாக இருக்கிறோம். எமது நிர்வாகக் குழுவிலிருந்து நால்வரைச் சந்திக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். அவர்களில் இருவர் இரவு வேலை செய்பவர்கள் என்பதால், பிற்பகலாக இருந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்கத் தலைவி, செயலாளர், நிர்வாகக் குழுவினர்.

பிரதி: எமது தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கு.