தீப்பிடியாக் குடியிருப்பும் துளை ஓடும்

கோடை காலத்தில் கீற்றுக் கூரை தீக்கிரையாகும்பொழுது குடியானவருக்கு நேரும் நஷ்டம் வீட்டோடு நிற்பதில்லை. விதை நெல்லும், வைக்கோற் போரும், தொழுவத்துக் கன்றுகாலிகளும், நிலப் பத்திரங்களும் ஒரு நாழிகையில் சாம்பலாகின்றன. கும்பகோணத்தில் 2004-ம் வருஷம் ஜூலை 16-ந் தேதி சமையற்கூடத்தில் எழுந்த தீ, பள்ளிக்கூடத்தின் கீற்றுக் கூரையைப் பற்றி 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோயிற்று. கீற்றே மலிவென்பார், இரண்டு மூன்று வருஷத்துக்கொருமுறை வேய்கிற செலவைக் கணக்கிற் சேர்ப்பதில்லை.

ஆகவே, குடிசைகளுக்குப் பதிலாகத் தீப்பிடியாத வீடுகள் கட்டித்தரத் தமிழ்நாட்டு அரசாங்கம் 2024-ல் முன்வந்தது போற்றத்தக்கதே. வீடொன்றுக்கு 3½ லட்சம் ரூபாய். 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் தளம் என்பது ஏற்பாடு. ஆயினும் அத்தளம் முழுவதும் சிமெண்டும் ஜல்லியுமாகவே இருக்கவேண்டும் என்பது அவசியமன்று. சுவர்மேல் தங்கும் தளத்தின் நடுப்பகுதியில் மேற்பாகமே அமுக்கத்தைத் தாங்குகிறது. கீழ்ப்பாகத்துக் கான்கிரீட் கம்பியைப் பற்றிக் காப்பதன்றி அதிக வேலை செய்வதில்லை. கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,400 கிலோ பாரத்தை மட்டும் சுவர்மேல் ஏற்றுகிறது. அவ்விடத்தில் உள்ளே துளைகளுள்ள சுட்ட மண் ஓடுகளை வரிசையாய்ப் பரப்பி, வரிசைகளுக்கிடையே கம்பி வைத்துச் சிறு விட்டங்களாகக் கான்கிரீட்டை வார்த்தால் சிமெண்டு குறையும். பாரம் குறைவதால் கம்பியும் குறையும். துளைகளில் அடைபட்ட காற்று வெப்பம் கீழிறங்குவதை மட்டுப்படுத்தும். சித்திரை மாதத்தில் வெறுங் கான்கிரீட்டின் கீழ்ப் படுத்தவர்களுக்கு இதன் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இம்முறை புதியதன்று. 1871-ல் சிக்காகோ நகரம் எரிந்தபோது, எரியாதென்று நம்பப்பட்ட இரும்புத் தூண்கள் வெம்மையில் வலுவிழந்து வீழ்ந்தன. அதன்பின் அமெரிக்கர் இரும்பைச் சுட்ட மண்ணால் போர்த்தவும், துளை ஓடுகளால் தளமமைக்கவும் தலைப்பட்டனர். சூளை நெருப்பில் வெந்து வந்த பொருள் மறுபடி எரிவதற்கில்லை. ஆனால் எரியாமை வேறு, உடையாமை வேறு. 1904-ல் பால்டிமோரிலும் 1906-ல் சான்பிரான்சிஸ்கோவிலும் உண்டான பெருந்தீயில் மெல்லிய ஓடுகள் பல வெடித்துக் கழன்றன. மரத்தூள் கலந்து சுட்ட ஓடுகளோ, தூள் எரிந்துபோன நுண்துளைகளின் உதவியால் வெப்பத்தை நன்கு தாங்கின. தளத்தின் அடிப்புறத்தைச் சாந்து பூசாமல் விடுவது சிக்கனமாகாது.

துளை ஓடு எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை என்பதே மெய்யான தடை. தனியொருவர் ஒரு வீட்டுக்கு வரவழைத்தால் வண்டி வாடகையே இலாபத்தை விழுங்கிவிடும். ஒன்றியத்துக்கு வேண்டிய அனைத்தையும் ஒரே தடவையில் வரவழைத்து, ஊர்தோறும் பங்கிட்டுக் கொடுப்பது அதிகாரிகளால் ஆகக்கூடியதே. மூலை முறிந்தனவும் சூட்டில் கோணினவும் அங்கேயே தள்ளப்படவேண்டும். வார்ப்பதற்குமுன் ஓடுகளை நன்றாய் நனைக்காவிடில் அவை கான்கிரீட்டின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். இதில் கொத்தனாருக்குச் சிரத்தை உண்டாக்குவது, ஓடு வாங்குவதைக் காட்டிலும் கடினமான வேலையாயிருக்கும்.