"வண்டியில ஒண்ணுமில்ல சார்!"

கொடைக்கானலிலிருந்து இறங்கும்போது, பேரப்பிள்ளைகள் பின்சீட்டில் இருக்க, பிரேக் பெடல் பஞ்சு மாதிரி தரைவரை அமுங்கியது. கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு ஒருவழியாக ஓரங்கட்டினேன். அரைமணி கழித்துப் பார்த்தால் பிரேக் கச்சிதம்!

தூத்துக்குடியில் மூன்று மெக்கானிக்குகள் துறைமுகச் சாலையில் ஓட்டிப் பார்த்தார்கள். "வண்டியில ஒண்ணுமில்ல சார், வயசாயிட்டுல்லா, பதறியிருப்பீங்க" என்றார்கள். மேடு இறக்கமே இல்லாத சாலையில் மலைக்கோளாறு எப்படித் தெரியும்? காய்ச்சல் விட்டபின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற வைத்தியம் இது.

நாலாமவர்தான், "பிரேக் ஆயில் எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டார். ஆறு வருஷமாக மாற்றவில்லை. அது என் தப்பு.

மழைக்காலத்து உப்பு மாதிரி, பிரேக் ஆயிலும் காற்றின் ஈரத்தை இழுக்கும். புது டாட் 3 ஆயில் 205 டிகிரி வரையாவது கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் நீர் சேர்ந்த ஆயிலுக்கோ அந்த வரம்பு 140 டிகிரிதான். மலை இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி ஆவிக்குமிழி உண்டாகும். ஆயில் அமுங்காது, குமிழி அமுங்கும். ஆறினால் குமிழியும் போகும், தடயமும் போகும்.

"கண்டுபிடிக்க முடியல" என்று சொல்லுங்கள், மதிக்கிறேன். "ஒண்ணுமில்ல" என்று அதே மலைக்குத் திருப்பி அனுப்பாதீர்கள். எங்கே, எவ்வளவு நேரம் மிதித்த பிறகு என்று ஓட்டியவரைக் கேளுங்கள். கிழவன் சொல்வதும் ஒரு சாட்சியம்தான்.

நண்பர்களே, இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள்.