அரசியல் யாப்பின் முதற்பக்கமும் எமது காணியும்

அரசியல் யாப்பு என்றதும் அது சட்டத்தரணிகளுக்கும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் உரிய விடயம் என்று எம்மில் பலர் ஒதுங்கிக்கொள்கின்றோம். காணி உறுதி தொலைந்த குடும்பத்துக்கும், அனுமதிப் பத்திரம் கையிலிருந்தும் வயலுக்குள் கால் வைக்க முடியாத குடும்பத்துக்கும் யாப்பின் முகவுரையால் என்ன பயன்? இக்கேள்வி நியாயமானது. இதற்குரிய விடையைச் சற்று நிதானமாகத் தேடுவோம்.

முகவுரை என்பது என்ன?

எமது கிராமங்களில் கமக்காரர் அமைப்பு உண்டு. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு யாப்பு உண்டு. அதன் தொடக்கத்தில் சங்கத்தின் பெயரும், அங்கத்தவர் யார் என்பதும், எந்த நோக்கத்துக்காகச் சங்கம் கூடியது என்பதும் எழுதப்பட்டிருக்கும். சங்கப் பணம் வேறு வழியில் செலவானால் பொதுக்கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "நோக்கத்தை வாசியுங்கள்" என்பார். அந்த நோக்கமே அங்கத்தவருக்குப் பிடிமானம்.

நாட்டின் யாப்பில் அந்த இடத்தில் இருப்பதுதான் முகவுரை. இந்த நாடு யாருடையது, எதற்காக ஒன்றுகூடினோம், ஒருவருக்கொருவர் என்ன வாக்குறுதி தந்தோம் என்னும் மூன்று கேள்விகளுக்கு அது விடை தரவேண்டும்.

மூன்று யாப்புகள்

1947ஆம் ஆண்டின் சோல்பரி யாப்பு பிரித்தானிய முடியின் கட்டளையாக வந்தது. மக்களின் பெயரால் பேசும் முகவுரை அதற்கு இல்லை. ஆயினும் எந்த இனத்தையோ சமயத்தையோ பாதிக்கும் பாரபட்சமான சட்டத்தை இயற்றலாகாது என்ற காப்பீடு அதன் 29(2)ஆம் பிரிவில் இருந்தது. அக்காப்பீடு இருக்கும்போதே 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது.

1972 மே 22இல் வந்த முதலாவது குடியரசு யாப்பு, இலங்கை மக்களாகிய நாமே எமக்கு இந்த யாப்பை வழங்கிக்கொள்கின்றோம் என்ற கருத்துடன் தொடங்கியது. அழகான தொடக்கம். ஆனால் அந்த "நாம்" யார்? தமிழரசுக் கட்சி முன்வைத்த மொழி தொடர்பான திருத்தங்கள் ஏற்கப்படாமையால் அக்கட்சி 1971 ஜூன் மாதத்திலேயே அரசியல் நிர்ணய சபையை விட்டு வெளியேறியிருந்தது. பழைய 29ஆம் பிரிவின் காப்பீடும் கைவிடப்பட்டது. வீட்டில் ஒரு பிள்ளையை வெளியே நிறுத்திவிட்டு "நாம் எல்லாரும்" என்று எழுதியது போலாயிற்று.

1978 செப்டெம்பர் 7இல் நடைமுறைக்கு வந்த யாப்பே இன்று பல திருத்தங்களோடு நடைமுறையில் உள்ளது. அதன் முகவுரை "சுவஸ்தி" என்னும் மங்கலச் சொல்லோடு தொடங்கி, 1977 ஜூலை 21ஆம் திகதித் தேர்தலில் மக்கள் அளித்த ஆணையைக் குறிப்பிடுகின்றது. இங்கே பேசுபவர்கள் மக்கள் அல்லர்; மக்களால் சுதந்திரமாகத் தெரிவுசெய்யப்பட்ட பிரதிநிதிகள். சுதந்திரம், சமத்துவம், நீதி, அடிப்படை மனித உரிமைகள், நீதித்துறையின் சுதந்திரம் ஆகியவற்றை எல்லா மக்களுக்கும் உறுதிப்படுத்துவதாக அவர்கள் கூறுகின்றனர். மக்களுக்குத் தாம் கடமைப்பட்டுள்ளதைத் தாழ்மையோடு ஏற்றுக்கொள்கின்றனர்.

அதே நாளில் வடக்கு கிழக்கு மக்கள் அளித்த ஆணை வேறானது. தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 ஆசனங்கள் கிடைத்தன. ஆட்சியமைத்த ஐக்கிய தேசியக் கட்சிக்கு மொத்தம் 168இல் 140 கிடைத்தன. முகவுரை பெரும்பான்மையின் ஆணையை மட்டுமே நினைவுகூருகின்றது.

எழுத்தும் வாழ்வும்

அந்தத் தேர்தல் முடிந்து ஒரு மாதம் ஆகுமுன்னரே, 1977 ஆகஸ்ட் மாதத்தில் இனவன்செயல் வெடித்தது. தோட்டப்புறங்களிலிருந்து உடுத்த துணியோடு வந்த குடும்பங்கள் வவுனியா, முல்லைத்தீவு, கிளிநொச்சிக் காடுகளை வெட்டிக் குடியேறின. சமத்துவம் பற்றிய வாக்கியங்கள் கொழும்பில் எழுதப்பட்ட காலத்தில் இம்மக்கள் இங்கே கொட்டில் போட்டுக்கொண்டிருந்தனர்.

எமது அயலிலுள்ள கென்ற் பண்ணையிலும் டொலர் பண்ணையிலும் குடியிருந்த மலையகக் குடும்பங்கள் 1984இல் வெளியேற்றப்பட்டன. அவ்விடத்தில் சிங்களக் கைதிகளும் அவர்களின் குடும்பத்தினரும் இருத்தப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் 30இல் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் அவர்களிற் பலர் கொல்லப்பட்டனர். அதன் பின்னர் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய் ஆகிய ஊர்களின் தமிழ்க் குடும்பங்கள் விரட்டப்பட்டன. மணலாறு வெலிஓயா ஆயிற்று. 1997 மே மாதத்தில் ஜயசிக்குறு படை நடவடிக்கை நெடுங்கேணியையும் வந்தடைந்தது. இத்தனையும் நிகழ்ந்தபோது அதே முகவுரை அதே பக்கத்தில் இருந்தது.

அப்படியானால் முகவுரை வெறும் அலங்காரமா? "பசித்தவனுக்குப் பஞ்சாங்கம் வாசித்துக் காட்டுவதா?" என்று சிலர் கேட்பது எனக்கு விளங்குகின்றது. ஆயினும் இரு காரணங்களால் அக்கருத்தோடு உடன்பட முடியாது.

அலங்காரம் என்றால் அழிப்பானேன்?

முதலாவது காரணத்தை எமது நாட்டு அரசியலே தருகின்றது. புதிய யாப்பை ஆக்குவதற்காகப் பாராளுமன்றத்தை அரசியலமைப்புச் சபையாக மாற்றும் பிரேரணை 2016 ஜனவரி மாதத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. அதற்கு ஒரு முகவுரை இருந்தது. இனப்பிரச்சினைக்கு யாப்பு வழியாகத் தீர்வு காண்பதும் அதில் சொல்லப்பட்டிருந்தது. எதிர்ப்பு எழுந்தது, முகவுரை நீக்கப்பட்டது, அதன் பின்னரே மார்ச் 9இல் பிரேரணை நிறைவேறியது. பயனற்ற சொற்களை அகற்ற இத்தனை பாடுபடுவார்களா? நோக்கத்தை எழுத்தில் வைத்தால் நாளை அதைக் காட்டிக் கேட்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

இரண்டாவது காரணம் பிறநாட்டு அனுபவம். முகவுரை இந்திய யாப்பின் பகுதியல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1960இல் கருதியது. கேரளத்தின் எடநீர் மடத்து அதிபர் கேசவானந்த பாரதி காணிச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், 1973இல் அந்தக் கருத்து மாறியது. முகவுரையும் யாப்பின் பகுதியே என்று ஏற்கப்பட்டது. யாப்பின் அடிப்படைக் கட்டமைப்பைப் பாராளுமன்றம் அழிக்க முடியாது என்றும் தீர்க்கப்பட்டது.

தென்னாபிரிக்காவின் 1996ஆம் ஆண்டு யாப்பு, கடந்தகால அநீதிகளை ஏற்றுக்கொள்ளும் வாக்கியத்தோடு தொடங்குகின்றது. அந்த ஏற்பு முதற்பக்கத்தோடு நின்றுவிடவில்லை. 1913 ஜூன் 19ஆம் திகதிக்குப் பின்னர் இனப்பாகுபாட்டுச் சட்டங்களால் காணியை இழந்தவர்கள் அதை மீளப்பெற அல்லது தகுந்த பரிகாரம் பெற உரித்துடையவர்கள் என்று 25ஆம் பிரிவு கூறுகின்றது. அங்கு காணிப் பிரச்சினை முழுவதும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் இழந்தவன் தன் காணியைக் கேட்கும்போது அவன் பிச்சை கேட்கவில்லை, உரிமை கேட்கின்றான்.

எமது கையில் உள்ளவை

எமது நாட்டில் முகவுரையை மட்டும் காட்டி வழக்கிட முடியாது. ஆனால் அதன் வாக்குறுதிகள் சில, உறுப்புரைகளாக யாப்பினுள் உள்ளன. சட்டத்தின் முன் யாவரும் சமம் என்பது 12ஆம் உறுப்புரை. பிரசை ஒவ்வொருவரும் விரும்பிய இடத்தில் வசிக்கவும் நடமாடவும் உள்ள சுதந்திரம் 14(1)(ஏ) உறுப்புரை. இவை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு மனுச் செய்யவேண்டும் என்கிறது 126ஆம் உறுப்புரை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் அக்கணக்கில் சேராது. இதை ஒவ்வொரு குடும்பமும் மனதில் பதித்துக்கொள்ளட்டும்.

இவ்வழியில் பலன் கண்டவர்களும் உண்டு. அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையில் அமெரிக்கக் கம்பனியோடு சேர்ந்து பொசுபேற்று அகழும் திட்டத்தால் 2,600 குடும்பங்கள் நிலத்தை இழக்கும் நிலை வந்தது. சிங்கள விவசாயிகளும் ஊர் விகாராதிபதியும் வழக்கிட்டனர். சமத்துவ உரிமை, தொழில் செய்யும் உரிமை, வசிக்கும் உரிமை ஆகியன மீறப்படவிருந்தன என்று 2000 ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2007 ஜூன் 7இல் கொழும்பு விடுதிகளிலிருந்து தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பப்பட்டபோது, மறுநாளே நீதிமன்றம் தடைவிதித்தது. 2025 மார்ச் 28இல் வடக்கின் ஏறத்தாழ 5,900 ஏக்கர் காணி பற்றி வந்த வர்த்தமானி, மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிடின் அவை அரச காணி ஆகலாம் என்ற அச்சத்தை எழுப்பியது. மக்கள் எதிர்த்தனர், வழக்கும் வந்தது, ஜூனில் நீதிமன்றம் அதனை இடைநிறுத்தியது.

வழக்குகள் எல்லாம் வெல்லும் என்று நான் சொல்லவில்லை. நீதிமன்றம் கொழும்பில், பஸ் காசுக்கே கடன்படும் நிலையில் நாம். அதனாற்றான் தனித்தனியாக அல்லாமல் அமைப்பாக நிற்கவேண்டும்.

நாம் எழுதினால்?

புதிய யாப்புப் பற்றிய பேச்சு அடிக்கடி எழுந்து அடங்குகின்றது. மீண்டும் எழும்போது முகவுரையில் மூன்று விடயங்கள் இடம்பெற வேண்டும் என்று நாம் கேட்கவேண்டும். இந்நாடு இங்கு வாழும் எல்லா மக்களினதும் சம உரித்து என்பது ஒன்று. நடந்த அநீதிகளை, எவர் செய்திருந்தாலும், ஏற்றுக்கொள்வது இன்னொன்று. உழுது வாழ்ந்த நிலத்துக்குத் திரும்புவது சலுகையல்ல, உரிமை என்பது மூன்றாவது.

ஆகவே அடுத்த கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில் யாப்பின் முகவுரையின் தமிழ்ப் பிரதியை ஒருவர் உரக்க வாசிக்கட்டும். இதில் நாம் எங்கே இருக்கின்றோம், இதில் எது எமது கிராமத்தில் நடைமுறையில் உள்ளது, எது இல்லை என்று கலந்துரையாடுங்கள். பெண்களும் இளையோரும் பேசட்டும். பேசியதை ஒரு கொப்பியில் எழுதி, காணி உறுதி, அனுமதிப் பத்திரம், பழைய பங்கீட்டு அட்டை ஆகியவற்றின் பிரதிகளோடு சேர்த்துப் பாதுகாப்பாக வையுங்கள். நாளை ஆணைக்குழு ஒன்று வந்து "உங்கள் கருத்து என்ன?" என்று கேட்கும்போது வெறுங்கையோடு நிற்க வேண்டியிராது.