மீன் தொட்டிக்கு மூடி வேண்டுமா?

தொட்டி வாங்கும்போது கடைக்காரர் மூடியும் சேர்த்துத் தரட்டுமா என்று கேட்பார். "மீனுக்கு மூச்சு முட்டுமே" என்று பலர் வேண்டாம் என்றுவிடுவார்கள். மறுவாரமே ஒரு மீன் சோபாவுக்கு அடியில் காய்ந்து கிடக்கும்.

எல்லா மீனும் துள்ளாது. கோல்டு ஃபிஷ் பெரும்பாலும் சாது. ஃபைட்டர், ஜீப்ரா டேனியோ, அரோவானா எல்லாம் துள்ளும் ரகம். இருட்டில் சட்டென்று விளக்கைப் போட்டாலே போதும். இவற்றுக்கு மூடி கட்டாயம். பூனையோ தவழும் குழந்தையோ இருக்கும் வீட்டில் எந்த மீனுக்கும் மூடி நல்லதுதான்.

மூச்சு முட்டுமா? காற்றுப் புகாமல் இறுக்கி அடைத்தால்தான் ஆபத்து. ஃபைட்டரும் கௌராமியும் நீர்மட்டத்துக்கு வந்து காற்றைக் குடிப்பவை. அதனால் தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவே 2 அங்குலமாவது விடுங்கள்.

நம் ஊரில் பெரிய தொல்லை வெயில். தண்ணீர் சூடானால் அதில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். ஆவியாகும்போது நீர் தானே கொஞ்சம் குளிரும், மண்பானைக் கணக்குதான். கண்ணாடி மூடி அதைத் தடுத்துவிடும். சித்திரை, வைகாசியில் கண்ணாடியை எடுத்துவிட்டு வலை மூடி போடுவதே புத்திசாலித்தனம். நீர் சீக்கிரம் வற்றும். ஆனால் உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். போர் தண்ணீர் வீடுகளில் வற்றியதை நிரப்பினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை கொஞ்சம் நீரை எடுத்துவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும்.

பலர் யோசிக்காதது கொசு மருந்து. சுருள், லிக்விட், ஸ்ப்ரே பெரும்பாலானவற்றில் இருப்பது பைரித்ராய்டு வகை மருந்து. மீனுக்கு அது கொடிய விஷம். மூடி மட்டும் காப்பாற்றாது. ஏர் பம்ப் அறையின் காற்றை இழுத்து நேராக நீருக்குள் விடுகிறதே! ஸ்ப்ரே அடிக்கத்தான் வேண்டும் என்றால் பம்பை நிறுத்தி, தொட்டியைப் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடுங்கள். ஜன்னலைத் திறந்து காற்றோட்டம் வந்ததும் ஷீட்டை எடுத்துவிட்டுப் பம்பைப் போடலாம். ராத்திரி முழுக்க எரியும் லிக்விடுக்கு இந்த வழி உதவாது. அதை வேறு அறைக்கு மாற்றுங்கள், அல்லது கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள்.

மீதமான கொசுவலைத் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டினால் தொட்டிக்கும் மூடி தயார். ஒயர் போகும் ஓட்டையை மட்டும் சின்னதாக வையுங்கள். ஃபைட்டருக்கு அந்த வழியும் தெரியும்.