மூடுபனிக்கு அப்பால்

கல்லூரி விழா மலரில் வான சாத்திரம் பேசுவானேன் என்று அன்பர்கள் வினவலாம். ஹற்றனை அடுத்த தோட்டமொன்றிற் பிறந்து இக்கல்லூரியிற் பயின்ற எனக்கு அதற்கொரு காரணமுண்டு. விண்மீன்களில் ஆர்வங்கொண்ட மலைநாட்டுப் பிள்ளைக்குப் பகையாக நிற்பவை மழையும் மூடுபனியுமே. ‘நமக்கு வானமும் இல்லை’ என்று இளமையில் நானும் சோர்ந்ததுண்டு. அது தவறான எண்ணம். வானிலிருந்து ஒளியோடு வானொலி அலைகளும் வருகின்றன. அவற்றுள் நீண்ட அலைகளை முகிலும் பனியும் தடுப்பதில்லை.

அவ்வலைகள் கூறுவனவற்றுள் வியத்தற்குரியது வெடித்த விண்மீன்களின் முன்வரலாறு. பெருவிண்மீனொன்று வெடிப்பதற்கு முன் நெடுங்காலம் தன் வாயுவைக் காற்றாக வீசிக்கொண்டிருக்கும். அதன் வேகம் பலவற்றில் வினாடிக்குச் சுமார் 10 கிலோமீற்றர். வெடிப்பில் எழும் அதிர்ச்சியலையோ வினாடிக்கு 10,000 கிலோமீற்றருக்கும் மேலான வேகத்தில் அவ்வாயுவை மோதும். அங்கே காந்தப்புலத்திற் சுழலும் இலத்திரன்கள் வானொலி அலைகளை எழுப்பும். முன்னே கிடக்கும் வாயு முதலில் அவற்றை விழுங்கும். பின்னர் குறுகிய அலைகள் முந்தியும் நீண்ட அலைகள் பிந்தியும் வெளிப்படும். இத்தாமதத்தைக் கொண்டு வாயுவின் அடர்த்தியைக் கணிக்கலாம். ஆயிரம் ஆண்டுகள் வீசிய காற்றை அதிர்ச்சியலை ஓராண்டிற் கடந்துவிடுவதால், ஓராண்டு நோக்குபவருக்கு அவ்விண்மீனின் இறுதி ஆயிரம் ஆண்டுகள் புலனாகும்.

1993 மார்ச்சில், சுமார் 1 கோடியே 20 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவிலுள்ள எம் 81 என்னும் விண்மீன் மண்டலத்தில் ஒரு வெடிப்புக் காணப்பட்டது. கண்டவர் பிரான்சிஸ்கோ கார்சியா, ஸ்பெயின் நாட்டவர், வானோக்குதலைப் பொழுதுபோக்காகக் கொண்டவர். ஏறத்தாழ 3,200 நாட்களின் பின், புனேக்கு அண்மையில் 30 பெருங்கிண்ணங்களைக் கொண்ட மீற்றரலைத் தொலைநோக்கியின் அளவீடுகளையும் அமெரிக்க அளவீடுகளையும் இணைத்து, பூனம் சந்திரா, அலக் ரே, சஞ்சய் பட்நாகர் ஆகியோர் அவ்விடத்துக் காந்தப்புலத்தைக் கணித்து 2004இல் வெளியிட்டனர்.

அத்தொலைநோக்கியை நிறுவிய கோவிந்த் சுவரூப், அதற்கு முன் பெருங்கருவி அமைத்த இடம் நீலகிரி மலைச்சரிவு. உதகமண்டலத்தை அடுத்த முத்தோரையில் 1970இல் எழுந்த அக்கருவி 530 மீற்றர் நீளமுடையது. அவ்விடத்தின் அகலக்கோட்டுக்கு இசைய ஏறத்தாழ 11 பாகை சாய்ந்த சரிவைத் தேர்ந்தமையால், கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாயிற்று. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா – சாஸ்திரி உடன்படிக்கையின்படி இங்கிருந்து அனுப்பப்பட்ட நம் உறவினர் பலர் தேயிலைத் தொழிலுக்குக் குடியேறியதும் அந்நீலகிரியிலேதான். நுவரெலியாவின் அகலக்கோடு ஏறத்தாழ 7 பாகை. அவ்வளவு சாய்ந்த சரிவுகள் நம் தோட்டங்களில் இல்லையா?

பெருங்கருவி அமைப்பது அரசுகளின் கடமை. நாம் செய்யத்தக்கது சிறியது. கழிகளிற் கட்டிய கம்பிகளும் எளிய வாங்கியும் கொண்டு, வியாழனும் சூரியனும் எழுப்பும் வானொலி முழக்கத்தைக் கேட்கலாம். நாசாவின் ‘ரேடியோ ஜோவ்’ திட்டத்தின்வழி பள்ளி மாணவர் பலர் கேட்டுள்ளனர். வெடித்த விண்மீன் அதில் எட்டாது. ஆயினும் பயிற்சியின் முதற்படி அதுவே.

பசித்த பிள்ளைக்கு இதனாற் பயனென்ன என்பார் உளர். சோறும் வேண்டும், சோற்றோடு அறிவும் வேண்டும். கொழுந்து பறிப்பவரின் பிள்ளைக்கு விஞ்ஞானம் மிகையென்று கருதுவதே அவனை லயத்துள் அடைத்துவைக்கும் பூட்டு. விழா நினைவாக வளைவொன்றை எழுப்புவதினும், மலைநாட்டுப் பாடசாலையொன்றுக்கு இக்கருவியை வழங்குதலும், அதனைக் கற்பிக்க ஆசிரியர் ஒருவரைப் பயிற்றுதலும் பழைய மாணவராகிய நமக்குப் பெருமை தருவனவாகும்.