தோளில் உட்காராத கேமரா

2015-இல் ஆரி நிறுவனம் அலெக்ஸா மினியைக் கொண்டுவந்தபோது அதன் உடல் எடை வெறும் 2.3 கிலோ. ஜிம்பலிலும் ட்ரோனிலும் மாட்ட வசதியாக இருக்கட்டும் என்று உருவான அந்தச் சின்னப் பெட்டி, சில ஆண்டுகளிலேயே உலகெங்கும் முழுநீளப் படங்களின் முதன்மைக் கேமராவாகிவிட்டது. கேமரா இளைத்ததில் தயாரிப்பாளருக்கு மகிழ்ச்சி. குறுகலான வீட்டுக்குள் படம் எடுக்க நினைக்கும் இயக்குநருக்கும் மகிழ்ச்சி. அதைத் தோளில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க நிற்பவரின் கையும் முதுகும்தான் இன்னும் வலிக்கின்றன.

கேமராவின் எடையைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அது தோளில் எப்படி உட்கார்கிறது என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2.3 கிலோ என்பது வெற்று உடல். மாஸ்டர் பிரைம் லென்ஸ் ஒன்றை மாட்டினாலே இரண்டு கிலோவுக்கு மேல் ஏறிவிடும். பிறகு மேட் பாக்ஸ், ஃபோகஸ் மோட்டார், வியூஃபைண்டர், இயக்குநரின் மானிட்டருக்குப் படம் அனுப்பும் வயர்லெஸ் கருவி, ராடுகள், கைப்பிடிகள், பேட்டரி. எல்லாம் சேர்ந்து தோளுக்கு வரும்போது எட்டு, ஒன்பது கிலோ. அந்த எடையையும் ஒரு பழகிய தோள் தாங்கிவிடும். முன்பக்கம் சாய்ந்துகொண்டே இருக்கும் எடையைத்தான் தாங்க முடியாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கேமராவும் லென்ஸும் சேர்ந்து 6 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அவற்றின் ஈர்ப்பு மையம் தோளுக்கு 15 செ.மீ. முன்னால் இருக்கிறது. கைப்பிடிகள் 30 செ.மீ. முன்னால். அப்படியென்றால் இரண்டு கைகளும் சேர்ந்து 3 கிலோவை இடைவிடாமல் ஏந்திக்கொண்டிருக்க வேண்டும். நடிகரின் அசைவைப் பின்தொடர வேண்டிய கை சுமைகூலி வேலை பார்க்கிறது. இப்போது அதே கேமராவைப் பின்னுக்குத் தள்ளி, மையத்தைத் தோளுக்கு 5 செ.மீ. முன்னால் கொண்டுவருவோம். ஒரு கிலோ பேட்டரியைத் தோளுக்கு 30 செ.மீ. பின்னால் ராடில் பூட்டுவோம். முன்னால் ஆறைந்து முப்பது, பின்னால் ஒன்றை முப்பதால் பெருக்க முப்பது. பள்ளி இயற்பியலில் படித்த திருப்புத்திறன்தான். மொத்த எடை ஒரு கிலோ கூடிவிட்டது, ஆனால் கைக்கு இப்போது சுமையே இல்லை. காவடி கட்டித் தண்ணீர் எடுப்பவர் இரண்டு பக்கமும் குடம் தொங்கவிடுவதும் இந்தக் கணக்கில்தான்.

எடை இருப்பதில் ஒரு நன்மையும் உண்டு. மனிதக் கையில் நொடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை வரை நுண்ணிய நடுக்கம் இயல்பாகவே இருக்கிறது. லேசான கேமரா அந்த நடுக்கத்தை அப்படியே படத்துக்குக் கொண்டுவந்துவிடும். சென்சார் படத்தை வரிவரியாகப் படிக்கும் கேமராக்களில் கதவு நிலையும் விளக்குக் கம்பமும் நெளிவது இதனால்தான். கனமான, சமநிலையில் உள்ள கேமரா நடுக்கத்தை விழுங்கிவிட்டு, மூச்சையும் நடையையும் மட்டும் மிச்சம் வைக்கிறது. கையில் பிடித்து எடுத்த காட்சியில் உயிர் இருக்கிறது என்று ரசிகர்கள் உணர்வது அந்த மிச்சத்தைத்தான்.

ஃபிலிம் காலத்தவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். 1960-களில் அமெரிக்க ஆவணப்பட இயக்குநர்கள் ஆல்பர்ட் மேசில்ஸும் பென்னிபேக்கரும் ஆரிகான் கேமராவைத் தங்கள் தோளுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்துக்கொண்டார்கள். 1971-இல் பிரான்ஸின் கிரெனோபிளில் ஜான்-பியேர் போவியாலா ஆட்டன் நிறுவனத்தைத் தொடங்கினார். தோளில் படுத்திருக்கும் பூனையாகக் கேமரா இருக்க வேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட இலக்கணம். ஃபிலிம் சுருள் வைக்கும் மேகசின் பின்பக்கம் தோள்மேல் அமரும், லென்ஸ் முன்னால் நீளும். எதையும் புதிதாக மாட்டாமலே எடை பகிர்ந்துகொள்ளப்பட்டது. ‘தி ஹர்ட் லாக்கர்’ படத்துக்காக ஜோர்டானின் வெயிலில் ஒளிப்பதிவாளர் பாரி அக்ராய்ட் தேர்ந்தெடுத்தவை சூப்பர் 16 ஆட்டன் கேமராக்கள். அந்தப் படத்தின் பதற்றத்தில் பாதி, தோளோடு தோளாக நகர்ந்த அந்தக் கேமராக்களால் வந்தது.

டிஜிட்டல் வந்ததும் மேகசின் போய்விட்டது. பின்பக்கம் காலியானது, லென்ஸோ பழைய எடையிலேயே இருக்கிறது. ஆரியே 2014-இல் தோளுக்கென்று அமிரா என்ற கேமராவைக் கொண்டுவந்தது. பேட்டரி பின்னால், தோளில் பதியும் மெத்தையான தோள் பட்டை அடியில், தனியொருவர் எடுத்து வைத்துக்கொண்டு ஓடலாம். சரியான பாதை அதுதான். ஆனால் அடுத்த ஆண்டே வந்த மினியின் பின்னால்தான் சந்தை போனது.

நம் ஊர்க் கல்யாண வீடியோக்காரர்களும் இதே பாதையில் வந்தவர்கள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அவர்கள் தோளில் இருந்தது முழு கேசட்டும் உள்ளே போகும் நீளமான வி.எச்.எஸ். கேமரா. அதன் உடல் தோள்மேல் அமர்ந்திருக்கும், கண் வியூஃபைண்டரில் இருக்கும், முகூர்த்தம் தொடங்கிப் பந்தி வரை ஆள் நிமிர்ந்து நிற்க முடியும். இன்று மிரர்லெஸ் கேமராவை நெஞ்சுக்கு நேராக இரண்டு கைகளாலும் ஏந்தி, குனிந்து திரையைப் பார்த்தபடி அதே நேரத்தை ஓட்டுகிறார்கள். படத்தின் தரம் எங்கேயோ உயர்ந்துவிட்டது. உடம்புக்கு மட்டும் இது பின்னடைவு.

சரி, சமநிலையை எப்படிக் கொண்டுவருவது? நல்ல கேமரா உதவியாளர் முதலில் எல்லாவற்றையும் மாட்டிவிடுவார். வெறும் கேமராவைச் சமன் செய்வது வீண்வேலை. படப்பிடிப்பில் போகிற கேபிள்வரை பூட்டிய பிறகே தோள் பட்டையைத் தொடுவார். பிறகு ஒளிப்பதிவாளரின் தோளில் வைத்து, அவரை இரண்டு கைகளையும் விடச் சொல்வார், கேமரா விழாமல் தன் கையை மட்டும் அடியில் காட்டிக்கொண்டு. லென்ஸ் முனையான மூக்கு கவிழ்ந்தால் கேமரா பின்னுக்குப் போகும், இல்லையென்றால் பேட்டரி இன்னும் பின்னுக்குப் போகும். 15 மி.மீ. ராடுகளின் மையங்களுக்கு இடையே 60 மி.மீ. என்பது பொது அளவு என்பதால் எந்த நிறுவனத்தின் பேட்டரி தட்டும் பெரும்பாலும் பொருந்திவிடும். பின்னால் வெறும் இரும்புத் துண்டைத் தொங்கவிடுவது கடைசி வழி. 5டி மார்க் 2 என்ற ஸ்டில் கேமரா பிரபலமான காலத்தில் பரவிய பழக்கம் அது. பேட்டரியும் வயர்லெஸ் கருவியும் எப்படியும் கூட வரத்தான் போகின்றன, அவையே எடைக்கல்லாக இருக்கட்டும்.

கேமரா பின்னுக்குப் போனால் வியூஃபைண்டர் காதருகே வந்துவிடும். அதை முன்னுக்கும் இடப்பக்கமும் நீட்டும் கை தேவை. பலரும் இந்த ஒரு உதிரிக்குச் செலவு செய்யத் தயங்கி, கண்ணுக்காகக் கேமராவை முன்னால் தள்ளி, மொத்தச் சமநிலையையும் கெடுத்துக்கொள்கிறார்கள். வியூஃபைண்டரும் மானிட்டரும் இடப்பக்கம் இருப்பதால் கேமரா அந்தப் பக்கம் சாயும், வயர்லெஸ் கருவியை வலப்பக்கம் மாற்றினால் அது சரியாகும். கைப்பிடிகள் தாழ்ந்து, முழங்கை விலாவை ஒட்டி நிற்க வேண்டும். லென்ஸ் மாறும்போது மையமும் மாறும். ஆகவே ஒவ்வொரு லென்ஸுக்கும் கேமரா தட்டு நிற்க வேண்டிய இடத்தை ராடில் டேப் ஒட்டிக் குறித்துவைப்பது, அடுத்த ஷாட்டுக்கு அவசரம் காட்டும்போது பெரிய உதவி.

ஸ்வீடன்காரர் யோஹான் ஹெல்ஸ்டென் உருவாக்கிய ஈஸிரிக் போன்ற கருவிகள் எடையை இடுப்புக்கு மாற்றுகின்றன. முதுகைக் காப்பவை, வரவேற்கத் தக்கவை. ஆனால் மூக்கு கவிழ்ந்த கேமராவை அதில் தொங்கவிட்டாலும் அது கவிழ்ந்தேதான் தொங்கும், நிமிர்த்திப் பிடிப்பது அதே மணிக்கட்டுதான்.

இதற்கெல்லாம் ஆகும் செலவு, ஒரு நாள் படப்பிடிப்புச் செலவில் கடுகளவு. கேமரா வாடகைப் பட்டியலில் லென்ஸ் செட்டுக்குக் கொடுக்கும் கவனத்தைத் தோள் பட்டை, நகரும் தட்டு, வியூஃபைண்டர் கை ஆகிய மூன்றுக்கும் தயாரிப்பு நிர்வாகிகள் கொடுக்கலாம். கேமரா டெஸ்டுக்கு ஒதுக்கும் நாளில் வண்ணமும் ஃபோகஸும் பார்த்து முடித்ததும் யூனிட் கலைந்துவிடாமல், கேமராவைத் தூக்கப் போகிற அதே ஆளின் தோளில் வைத்து ஒவ்வொரு லென்ஸாகச் சமன் செய்ய ஒரு மணி நேரம் எழுதிக் கொடுக்கலாம். ஒருவர் தோளுக்குச் சரியானது உயரமும் கழுத்தும் வேறான இன்னொருவருக்குப் பொருந்தாது. அதனால் ஆபரேட்டர் மாறினால் அந்த ஒரு மணி நேரம் மறுபடியும் வேண்டும், அதைத் தாமதம் என்று கணக்கெழுதக் கூடாது.