கல்லைத் தட்டிப் பார்ப்பது வீண் வேலையா?

பழங்காலக் கருவிகளை இன்று மறுபடி செய்து பார்ப்பது வெறும் பொழுதுபோக்கு, தொல்லியல் என்றால் அகழாய்வும் ஆய்வகமும்தான் என்று படித்தவர்களே சொல்கிறார்கள். செம்பாக்கத்தில் இருந்துகொண்டு இதைக் கேட்க எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்துப் பல்லாவரத்தில்தான் 1863 மே 30 அன்று நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கல் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் இருந்ததை உலகம் அறிந்தது அதனால்தான்.

கல்லை உடைக்க என்ன பெரிய அறிவு வேண்டும் என்கிறார்கள். உடைத்துப் பார்த்த எவரும் இதைச் சொல்லமாட்டார். குவார்ட்சைட் கல்லில் அடி விழும் விளிம்பின் கோணம் செங்கோணத்துக்குக் குறைவாக இருக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் சில்லு பாதியில் முறிந்து, அந்தப் பக்கமே கெட்டுவிடும். ஒவ்வொரு அடியும் அடுத்த அடிக்கு இடம் வைத்து விழ வேண்டும். அமெரிக்காவில் டீட்ரிச் ஸ்டவுட் என்ற ஆய்வாளர் சிலருக்குக் கைக்கோடரி செய்யக் கற்றுக்கொடுத்து, அவர்களுடைய மூளையை ஸ்கேன் செய்தே ஆராய்ந்திருக்கிறார். செய்யும்போது உதிரும் கழிவுச் சில்லுகளும் பேசும். அவற்றோடு அகழாய்வில் கிடைத்த சில்லுகளை ஒப்பிட்டால், கருவியை அங்கேயே செய்தார்களா, செய்து கொண்டுவந்தார்களா என்று சொல்ல முடிகிறது. அதிரம்பாக்கம் போன்ற பழைய கற்கால இடங்களைப் புரிந்துகொள்ள இந்தப் படிப்பு இல்லாமல் முடியாது.

இன்று ஒருவரால் செய்ய முடிந்தால் அன்றும் அப்படித்தான் செய்தார்கள் என்றாகிவிடுமா? ஆகாது. இது நியாயமான கேள்வி. தென் அமெரிக்காவிலிருந்து மக்கள் பாலினீசியாவுக்குப் போயிருக்கலாம் என்று காட்ட, பழைய முறையில் கட்டிய கோன்-டிக்கி தெப்பம் 1947இல் பெருவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்தது. ஆனால் பாலினீசியரின் மூதாதையர் வந்தது மேற்கே ஆசியப் பக்கமிருந்து. சோதனை ஒரு வழி சாத்தியம் என்று மட்டுமே காட்டும். ஆனால் சாத்தியமில்லாத விளக்கங்களை ஒதுக்கித் தள்ள அதைவிட நேரான வழி இல்லை.

கைவினைஞர்கள் இருக்கும்போது ஆய்வாளர் எதற்கு என்பது கடைசி வாதம். வெண்கலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் வெள்ளீயம் கால் பங்கை நெருங்கினால், ஆறிய நிலையில் தட்டும்போது நொறுங்கும். நீலகிரி ஈமச்சின்னங்களில் கிடைத்த மெல்லிய கிண்ணங்கள் அத்தகையவை. பழுக்கக் காய்ச்சி அடித்து, தண்ணீரில் தோய்த்தே அவற்றைச் செய்தார்கள் என்பதைக் காட்டியவர் ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன். உலோகத்தின் நுண்ணமைப்பையும் கேரளப் பட்டறைகளில் இன்றும் நடக்கும் வேலையையும் அவர் சேர்த்துப் படித்தார். ஒன்றை மட்டும் படித்திருந்தால் பாதிதான் தெரிந்திருக்கும். அந்தப் பட்டறைகளோ குறைந்துகொண்டே வருகின்றன.

ஃபூட் சேகரித்த கருவிகள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் உள்ளன. தாம்பரம் வட்டாரப் பள்ளிகள் பிள்ளைகளை அங்கே அழைத்துப் போகட்டும். திரும்பி வந்ததும், பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, பழகிய ஒருவர் மேற்பார்வையில் ஒரு கல்லையாவது தட்டிப் பார்க்க விடுங்கள்.